கதவுக் கைப்பிடி

— ஆர்டிஸ்டம்மா, நீங்க வரைஞ்ச கார்ல கதவுக் கைப்பிடி கீல் பக்கம் போயிருக்கு பாருங்க. அப்படி இருந்தா கதவை எப்படித் திறக்கறது?

— அட ஆமா சார். என் தப்புதான். மாத்தி அனுப்பிடறேன்.

— அதுக்கு எவ்வளவு?

— எத்தனை தடவ சார் சொல்றது. உங்க பழைய வண்டியை நீங்க ஆசைப்பட்ட மாதிரி வரைய ஒரு விலை. மனசு மாறி வேற கலர் கேட்டா தனி விலை. நான் விட்ட தப்புக்குச் சல்லிக்காசு வாங்க மாட்டேன்.

— இதே வேலை பண்ற இன்னொருத்தர்கிட்ட கேட்டுப் பாத்தேன். மூணு மடங்கு சொல்றார். திருத்தம்னு வாயைத் திறந்தாலே மீட்டர் ஓடுமாம்.

— அவர்கிட்டயே குடுத்திருக்கலாமே.

— முகம் குடுத்தே பேசலம்மா அந்த ஆளு.

— சரி, சாப்டீங்களா?

— ஏதோ சமைச்சேன். உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லக்கூட ஆளில்ல. நீங்க?

— கம்ப்யூட்டர் முன்னாடியே ஆச்சு. இன்னைக்கு நான் பேசற முத ஆளே நீங்கதான்.

— ம்.

— மொதல்ல சக்கரத்துல ஒரு நட்டு, போன வாரம் பக்கக் கண்ணாடி, இப்ப கைப்பிடின்னு மூணு தப்பு விட்டிருக்கேன். நாளைக்கு அனுப்பிடறேன். ஃபிரேம் போடறதுக்கு முன்னாடி மட்டும் நல்லாப் பாத்துக்கங்க.

— அப்புறம்?

— அப்புறம் என்ன சார், வேலை முடிஞ்சுது.

— இல்ல, உள்ள ஸ்டியரிங் பக்கம் தனியா ஒரு படம் போட்டா என்ன கேப்பீங்க?

— வேணாம் சார், வீண் செலவு. துணி போட்டு மூடி வச்சிருக்கற வண்டிக்கு எத்தனை படம்?

— ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. நட்டு, கண்ணாடி, கைப்பிடி, மூணுமே முத நாளே கண்ணுல பட்டுடுச்சு. ஒரேயடியா சொல்லிட்டா அப்புறம் உங்களை ஃபோன்ல கூப்பிட எனக்கு என்ன சாக்கு இருக்கு? அதான் வாரத்துக்கு ஒண்ணா சொன்னேன். உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். அந்தத் திருத்தத்துக்கெல்லாம் காசு வாங்கிக்கங்கம்மா.





— படம் பக்கத்துல இருக்கா சார்?

— கையிலயேதான் இருக்கு.

— இன்னும் நல்லாத் தேடிப் பாருங்க. நான் வேணும்னே விட்ட தப்பு மொத்தம் நாலு.