கழன்று விழாத கேமரா

ஐயா, உங்கள் அறையில் இருக்கும் சுவர்க் கடிகாரம் இன்னும் பத்து நாளில் கீழே விழுந்துவிடும். யாரோ சுவரைத் துடைக்காமலே ஒட்டுப்பட்டை போட்டு மாட்டியிருக்கிறார்கள். எதை ஒட்டுவதாக இருந்தாலும் முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும், காய விட வேண்டும், ஒட்டிய பிறகு ஒரு முழு நாள் அந்தப் பக்கமே போகக் கூடாது. பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒட்டிய ஐந்தாவது நிமிடமே இழுத்துப் பார்ப்பார்கள். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அரை மணி நேரமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், கண் அங்கேயே போகிறது.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். காகிதமும் பேனாவும் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் வைத்திருக்கிறீர்கள். மரியாதையாக நடத்துகிறீர்கள், நன்றி. என் அக்காவின் கணவர் ஆற்றில் மூழ்கி இறந்து இன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள். அது விபத்து என்று நீங்கள் முடித்துவிட்ட கோப்பை நான்தான் திறக்கச் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தீப்பெட்டி அளவுக் கேமராவை, அது எங்கே நிற்க மாட்டேன் என்கிறதோ அங்கே நிற்க வைப்பது என் தொழில். ஹெல்மெட், சைக்கிள் ஹேண்டில்பார், மார்புப் பட்டை, அலைச்சறுக்குப் பலகையின் மூக்கு, எதுவானாலும் சரி. ஒருவர் தன் நாயின் முதுகில் பொருத்தச் சொன்னார். பொருத்தினேன். மறுநாள் வந்து, நாற்பது நிமிடமும் மற்ற நாய்களின் பின்பக்கம்தான் தெரிகிறது என்று வருத்தப்பட்டார். நாயின் ரசனைக்கு நான் பொறுப்பில்லை, படம் ஆடுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஆடவில்லை என்று ஒப்புக்கொண்டார். பதினொரு வருடமாக நான் சம்பாதித்த பேர் அதுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறுக்கமாகப் பொருத்த யாராலும் முடியும். எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்து பொருத்துவதுதான் வேலை. ஹெல்மெட்டில் வைக்கும் கேமரா ஒரு கிளையிலோ கயிற்றிலோ மாட்டிக்கொண்டால், அது தலையையும் சேர்த்து இழுக்கும். அதனால் கேமராவுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் நான் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பின் போடுவேன். பன்னிரண்டு கிலோ இழுவை வந்தால் அது உடைந்துவிடும். கேமரா போகும், கழுத்து தப்பும். ஒவ்வொரு பின்னையும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துத்தான் கொடுப்பேன். "போனா கேமரா போகட்டும்" என்று என் கடைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன்.

அத்தான் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடக் கூடாது. வார நாட்களில் ஜன்னல் திரை விற்கும் கம்பெனியில் வேலை. விடுமுறை நாட்களில் ஒற்றை ஆள் துடுப்புப் படகில், பாறையும் சுழலுமாக இருக்கும் ஆற்றில் இறங்குவார். அதைப் படம் எடுத்து இணையத்தில் போடுவார். பார்க்க லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள். கலகலப்பான ஆள், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குழந்தைகள் அவர் தோளில்தான் இருக்கும். எனக்கு அவர் வைத்த பெயர் 'பசை'. "என்ன பசை, எங்க ஒட்டிக்கிட்டு இருக்க?" என்பார். பதினொரு வருடமும் அதே கேள்விதான், பதினொரு வருடமும் எல்லாரும் சிரித்தார்கள்.

போன வருடம் ஒரு நாள் அவர் போன வேகத்தில் ஒரு கிளை குறுக்கே வந்தது. கேமரா மாட்டியது, பிளாஸ்டிக் பின் உடைந்தது, கேமரா ஆற்றோடு போனது. அத்தான் ஒரு கீறல் இல்லாமல் கரை ஏறினார். பின்னால் வந்த படகில் அவருடைய நண்பர் ஒரு பல் டாக்டர் இருந்தார், அந்த டாக்டரின் கேமராவில் அது முழுக்கப் பதிவாகியிருந்தது. நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கழுத்து பின்னால் வளையத் தொடங்கிய அந்தக் கணத்தில் பின் உடைகிறது. என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான வேலை அது. பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தான் அந்தப் படத்தை இணையத்தில் போட்டார். "நம்ம மச்சான் பசை ஒட்டின கேமரா, தண்ணியப் பார்த்ததும் குளிக்கப் போயிடுச்சு" என்று பேசியிருந்தார். ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், "அண்ணே, இது குளிக்கப் போகுமா, போகாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஹெல்மெட்டையே கையில் கொடுத்தார்கள்.

நான் கோபப்படவில்லை. அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டேன். அன்றைக்கு அந்தப் பின் உடைந்ததால்தான் தன் கழுத்து தப்பியது என்று அடுத்த படத்தில் சொல்லச் சொன்னேன். சொல்ல ஐந்து விநாடி ஆகும். "போட்டுடறேன்டா, இதுக்குப் போய்" என்றார். போடவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்டேன், "அட, மறந்தே போச்சு" என்றார். மூன்றாவது முறை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்சம் இறங்கித்தான் கேட்டேன், என் பிழைப்பு அத்தான் என்று சொன்னேன். தண்ணீர் ஜாடிக்குப் பின்னால் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அதுவும் இணையத்தில் வந்தது. 'பசை உருகுகிறது' என்று தலைப்பு. அதில் என் அக்கா சிரிப்பதும் கேட்கிறது. எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைக்கத் தேவையில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஜாடிக்குப் பின்னால் அந்தக் கேமராவை அவர் வைத்திருந்த கோணம் சரியில்லை, என் நெற்றி பாதி வெட்டுப்பட்டிருந்தது.

இந்த மழைக்காலம் முடிந்ததும் அத்தான் புது ஹெல்மெட்டோடு கடைக்கு வந்தார். வேலை மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

"மச்சான், இந்தத் தடவை உயிரே போனாலும் கேமரா விழக்கூடாது. பத்து லட்சம் பேர் பார்க்கப் போறாங்க, மானத்தக் காப்பாத்து."

"உயிரே போனாலுமா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டா. எழுதித் தரவா?"

எழுதி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. வாடிக்கையாளர் வாய்ச்சொல்லே எனக்குப் போதும்.

ஒட்டுப்பட்டை வேண்டாம் என்று முடிவு செய்து ஹெல்மெட்டைத் துளைத்து இரண்டு போல்ட் போட்டேன். பிளாஸ்டிக் பின் இருக்கும் இடத்தில் அதே அளவில் ஒரு எஃகுப் பின்னைக் கடைந்து வைத்தேன். கறுப்புப் பெயின்ட் அடித்தேன். எஃகு பளபளத்தால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால்தான். கொக்கித் தராசில் மாட்டி இழுத்தேன். தராசின் முள் ஐம்பது கிலோவில் போய் முட்டி நின்றது, எஃகுப் பின் அசையவில்லை. அதற்குமேல் காட்டத் தராசுக்குத்தான் சக்தியில்லை.

படம் ஆடுகிறது என்றும் அத்தான் ஒரு முறை சொல்லியிருந்தார். ஹெல்மெட் தளர்ந்தால் படம் ஆடும். தாடைப் பட்டையில் ஒரு விரலால் அமுக்கினால் திறக்கிற கொக்கி இருந்தது. அதை எடுத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் வருகிற இரட்டை வளையம் போட்டேன். பட்டையைக் கோத்து இழுத்தால் இறுகும், எவ்வளவு இழுத்தாலும் அவ்வளவு இறுகும். பாதுகாப்பானது. போட்டுப் பார்த்தபோது அத்தானே பாராட்டினார், "தலையோட பொறந்த மாதிரி இருக்குடா" என்றார். என் வேலையை அவர் பாராட்டியது அந்த ஒரு முறைதான். நன்றி அத்தான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மரத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், உங்கள் அறிக்கையில் அது இரண்டு வரியோடு நிற்கிறது. அந்த ஆற்றின் இரண்டாவது வளைவில், இடது கரையில், வெள்ளத்தில் சாய்ந்த மரம் ஒன்று பாதி தண்ணீருக்குள் கிடக்கிறது. தண்ணீர் கிளைகளுக்கு நடுவே புகுந்து போகும். படகு போகும், ஆள் போவது சிரமம். படகுக்காரர்கள் எல்லாரும் வலது பக்கமாகவே ஒதுங்கிப் போவார்கள். அத்தான் வருவதற்குப் பத்து நாள் முன்னால் நான் அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு பழைய ஹெல்மெட்டில் அதே மாதிரி கேமராத் தாங்கி ஒன்றைப் பொருத்திக் கயிறு கட்டி மிதக்கவிட்டேன். நான்கு தடவை விட்டதில் மூன்று தடவை கிளைக் கவட்டில் மாட்டியது. ஆமாம், பத்து நாள் முன்னால்தான். உயிரே போனாலும் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான். தேதியைப் பார்த்து நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே எழுதிவிட்டேன். நல்ல தொழிலாளி களத்தை முன்கூட்டியே போய்ப் பார்ப்பான்.

ஹெல்மெட்டைக் கொடுக்கும்போது ஒரே ஒரு யோசனை சொன்னேன். "அத்தான், ரெண்டாவது வளைவுல எல்லாரும் வலது பக்கம்தான் போறாங்க. இடது பக்கம் அந்த மரத்த ஒட்டிப் போனா, இலை எல்லாம் முகத்துக்கு நேரா வரும். அந்த மாதிரிப் படம் யார்கிட்டயும் இல்ல." அவர் கண் விரிந்தது. "பசைக்கும் மூளை இருக்குடா" என்றார்.

சம்பவம் நடந்தபோது நான் கடையில் ஒரு சிறுமியின் சைக்கிளுக்குக் கேமரா பொருத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் விசாரித்து உறுதிசெய்ததுதான். படகு காலியாக மரத்துக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தது என்றும், தான் நீந்தி வந்து ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தும் வரவில்லை என்றும், அன்றும் பின்னால் வந்த பல் டாக்டர் சொன்னார். பாவம், கையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்படித் தெரியும், இழுக்க இழுக்க வளையம் இறுகும் என்று.

கேமராவைக் கழற்ற உங்கள் ஆட்களால் முடியவில்லை. கடைசியில் என்னையே கூப்பிட்டீர்கள். என் ஸ்பேனரோடு வந்து, இதே அறையில், அந்த மேஜைமேல் வைத்துக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மணி பத்து நிமிடப் படம். உங்களோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன், நீங்கள் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டீர்கள். நான் முழுதும் பார்த்தேன். மரத்தில் மாட்டியதிலிருந்து நான்கு நிமிடம் படம் ஆடுகிறது. அதற்குப் பொருத்தியவன் பொறுப்பல்ல. அதற்குப் பிறகு மின்கலம் தீரும்வரை துளிகூட ஆடவில்லை.

அக்காவுக்காக வருத்தப்பட்டேன். அது நிஜம். தினமும் போய் அவளோடு உட்கார்ந்தேன், அவளைச் சாப்பிட வைத்தேன். அத்தானின் சட்டைகளை மடித்து வைத்தேன். "கடைசியா அவரு பேசினது அதுல இருக்குமே, எனக்குப் போட்டுக் காட்டுடா" என்று கேட்டாள். தண்ணீரில் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் அவள் நன்மைக்காக. படத்தில் அவர் கடைசியாகப் பேசியது மரத்துக்குக் கொஞ்சம் முன்னால். "பாருங்க, இன்னும் விழல" என்கிறார்.

இப்படியே போயிருக்கும். போன திங்கட்கிழமை உங்கள் அறிக்கை செய்தித்தாளில் வந்தது. யார் மேலும் வழக்கு இல்லை என்று போட்டிருந்தது. நிம்மதியாகப் படித்துக்கொண்டே வந்தேன். நான்காவது பத்தியில், கேமராவைப் பொருத்தியவர் போதிய அனுபவமில்லாததால் தவறான பின்னைப் போட்டுவிட்டார், பட்டையின் ஆபத்தை அவர் அறிந்திருக்கவில்லை என்று இருந்தது. ஐயா, நான் அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

அன்று மாலை அக்கா கடைக்கே வந்தாள். அத்தான் போன பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ உள்ளுக்குள்ள வெந்து சாகாதடா தம்பி. ஆனைக்கும் அடி சறுக்கும். உனக்குத் தெரியாம கை தப்பிப் போச்சு, அவ்வளவுதான். நான் உன்ன மன்னிச்சிட்டேன்" என்றாள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கை தப்பிவிட்டதாம். பதினொரு வருடத்தில் தப்பாத கை.

நான்கு நாள் யோசித்தேன். அக்கா ஒரு பொய்யை நம்பிக்கொண்டு வாழ்வது நியாயமில்லை என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன், வேறு காரணம் இல்லை.

எனவே எழுதித் தருகிறேன். எஃகுப் பின் உடையாது என்று எனக்குத் தெரியும். இரட்டை வளையத்தை அவரால் தண்ணீருக்குள் அவிழ்க்க முடியாது என்று தெரியும். மரம் இருக்கும் இடம் தெரியும், அவரை அங்கே அனுப்பியது நான்தான். அவர் சாக வேண்டும் என்று நினைத்துத்தான் இத்தனையும் செய்தேன், நினைத்தது நினைத்தபடி நடந்தது. இதில் எந்த இடத்திலும் பிசகு இல்லை. என் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஒரு சின்ன வேண்டுகோள். 'போதிய அனுபவமில்லாததால்' என்று போட்டிருப்பதை மாற்றிச் செய்தித்தாளுக்கு இன்றைக்கே அனுப்பிவிட முடியுமா? நாளைக்குச் சனிக்கிழமை, கடையில் கூட்டம் வரும்.