உடம்பு பத்தாத லேப்டாப்

"…அப்பளம்மா, அப்பளம். மூடியை இந்த மூலையில புடிச்சுத் தூக்குனா அந்த மூலை கூட வரமாட்டேங்குது. அதைத் தனியாக் கூப்புடணும். இதுக்குப் பேரு லேப்டாப்பு. சாதா லேப்டாப்பு கூட இல்ல, கேமிங் லேப்டாப்பு. கீபோர்டுக் கட்டைக்கு அடியில செவப்பு வெளக்கு எரியுது, பச்ச வெளக்கு எரியுது, ஊதா எரியுது, தேர்ச் சப்பரம் தோத்துரும். அந்த வெளக்குக்குப் பண்ணுன செலவ உடம்புக்குப் பண்ணக்கூடாதா அந்தக் கம்பெனிக்காரன்?"

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், மாடியில் ஒரு சர்வீஸ் கடை. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் ஷமீரா. பழுது பார்ப்பது அவள் வேலை. இந்தப் பக்கம் அமிர்தலிங்கம், அதிராம்பட்டினத்துக் கடல்காரர். சொந்தமாக ஒரு பைபர் படகு வைத்து நண்டு வலை போடுகிறவர். லேப்டாப்பை ஒரு கனத்த பைக்குள் வைத்து மடியில் அணைத்துக்கொண்டிருந்தார். "குடுங்க" என்று ஷமீரா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"தர்றேன்மா, எங்க போயிரப்போறேன். மொதல்ல வெவரத்தக் கேளு. வெவரம் தெரியாம வைத்தியம் பாக்கக்கூடாதுல்ல. இது எம் மக அனுசுயாவோடது. இங்கதான் காலேஜில கம்ப்யூட்டரு படிக்கிறா, கடைசி வருஷம். திங்கக்கெழம ப்ராஜெக்ட்டக் காட்டணும். ஒரு கேமு செஞ்சிருக்கா. அது பூராவும் இதுக்குள்ளதான் கெடக்கு. வேற எடத்துல காபி எடுத்து வைன்னு வாத்தியாரு சொன்னாராம். எடுத்து வச்சிருக்கா. எங்க? இதுக்குள்ளயே. முடிஞ்சா நடந்து வர்றேன்னு மாதாவுக்கு வேண்டிக்கிட்டா, முடிஞ்சிருச்சு, அவ அம்மாவையும் இழுத்துக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருக்கா. பொழுது சாய பஸ்ஸுல வந்துருவாங்க. வந்தவொடன மூடியத் தொறப்பா. அதுக்குள்ள இதுக்கு மூச்சு வரணும். வரலன்னா அவ வருஷமும் போச்சு, நானும் கடல்லயே குடியிருந்துக்க வேண்டியதுதான்."

ஷமீரா தலையை ஆட்டிவிட்டுக் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அவர் பையை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்ன கேமுன்னு கேக்கலயே. பைபர் போட்டு ஓட்டுற கேமு. எங்க வீட்டுக் கடலத்தான் அப்புடியே எறக்கி வச்சிருக்கா. ஆனா பாரு, கச்சான் அடிக்கிதுன்னு எழுதிக் காட்டுது, மேக்கத்திக் காத்து, போட்டக் கெழக்கதானே தள்ளணும்? மேக்கயே தள்ளுது. ஏம்மா, எந்தக் கடல்ல இப்புடின்னேன். 'அப்பா, அது டெமோ'ங்குறா. டெமோன்னா காத்து திரும்பிக்குமா? சரி, அத விடு. வாங்குன அன்னைக்கி என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

"கடையில அப்சர்னு ஒரு தம்பி. நல்ல புள்ள, பொறுமையான புள்ள, பாவம். ரெண்ட எடுத்து வச்சுச்சு. ஒண்ணு அலுமினியம். தொறந்தா நிறுத்துன எடத்துல நிக்கிது. கட்டைய அமுக்குறேன், அமுங்கல. முதுகுல தட்டுறேன், நல்ல கெட்டிச் சத்தம். தேங்கா வாங்குனா தட்டிப் பாக்குறோம், போட்டு வாங்குனா தட்டிப் பாக்குறோம், லேப்டாப்ப மட்டும் தட்டக்கூடாதாம், அந்தத் தம்பி பதறுது. ஆனா அதுல இஞ்சினு சின்னது. கிராபிக்ஸ் கார்டு கெடையாது. இன்னொண்ணுதான் இது. உள்ள ராட்சச இஞ்சினு. உடம்பு பிளாஸ்டிக்கு. நடுவுல ஒரு வெரல வச்சா கட்ட பூராவும் குழி விழுந்து எந்திரிக்கிது. வெல ரெண்டுக்கும் ஒண்ணுதான். தம்பி, இஞ்சினும் உடம்பும் சேந்தாப்புல இருக்குறது இல்லையான்னு கேட்டேன். இருக்காம். அத வாங்குனா போட்ட வித்துட்டு நீந்திப் போயிதான் நண்டு புடிக்கணும்.

"நான் அலுமினியத்துல கைய வச்சேன். இவ இதுல கைய வச்சா. 'அப்பா, பெர்பாமன்ஸ்தாம்ப்பா வேணும். அதுல என் கேமு நகரவே நகராது. உடம்ப நான் பத்திரமா வச்சுக்கிறேன்.' யாரு பத்திரமா வச்சுக்கிறது? குளிச்சிட்டு வந்து ஈரத் துண்ட அது மேல போடுற பொண்ணு.

"நீயே சொல்லும்மா, ராட்சச இஞ்சினையும் நோஞ்சான் உடம்பையும் சேக்கலாமா? எங்க ஊர்ல ஹபீப் முகம்மது பாய் சேத்தாரு. தொபாயிலேருந்து திரும்புனவரு, வரும்போது ஒரு இஞ்சினக் கொண்டாந்தாரு. கப்பலுக்குப் போடுறது. அத அவங்க வாப்பாவோட பழய வள்ளத்துல பின்பலகையில மாட்டி, கரையில எல்லாரும் நிக்க, கயித்த இழுத்தாரு. இஞ்சினு கெளம்பிருச்சு. வள்ளம் கெளம்பல. பின்பலக பேந்து, இஞ்சினு மட்டும் தனியா மல்லிப்பட்டினம் பக்கமாப் போவுது. பாய் இங்க வள்ளத்துல ஒக்காந்து திருப்பு திருப்புங்கறாரு. டீசல் தீந்தப்பறம் ஜெகதாப்பட்டினத்துல கர ஒதுங்குச்சு. அங்க உள்ளவங்க, ஆள் யாருமில்ல, ஒருவேள அக்கரை, இலங்கைலேருந்து வந்திருக்கும்னு போலீசக் கூப்புட்டுட்டாங்க. சிரிக்காத. கண்ணால கண்டது."

ஷமீரா சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் பார்த்தது காபி கொட்டிய கீபோர்டு மூன்று, எறும்பு குடியேறியது ஒன்று. சிரிப்பு வரும் நிலையில் அவள் இல்லை. பின்னால் காத்திருந்தவர் ஒருத்தர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

"வீட்டுக்கு வந்துச்சு. வந்த நாள்லேருந்து இந்த மூடி கீல் இருக்கு பாரு, அது மொனகுது. தொறந்தா ஒரு மொனகல், மூடுனா ஒரு மொனகல். கேமப் போட்டுட்டாளோ, ஒரு பக்கமா அனல் காத்து கக்குது. எம் வீட்டுக்காரி ராஜாத்தி அந்தப் பக்கத்துல ஒரு மொறத்துல கூனி எறாலக் காய வச்சா. மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. வெயிலுக்கு ரெண்டு நாளு ஆவும். அந்த ஒண்ணுலதான் நான் இதக் கொற சொல்லமாட்டேன். ஆனா உடம்பு? பத்தாது. பத்தவே பத்தாது. ராவும் பகலும் இதே நெனப்பு எனக்கு. இன்னைக்கி இல்லன்னா நாளைக்கி இந்த இஞ்சினு இந்த உடம்பப் பிச்சுக்கிட்டுப் போயிரும்.

"என்னம்மா கேட்ட, கீழ விழுந்துச்சாவா? விழல. யாராச்சும் மேல ஒக்காந்தாங்களாவா? எங்க வீட்டுல நாற்காலி இருக்கும்மா. தண்ணி பட்டுச்சாவா? நல்லா கேட்ட. இனிமே எங்க படுறது."

சொன்னவர் டக்கென்று நிறுத்திக்கொண்டார். வந்ததிலிருந்து இப்போதுதான் அவர் வாய் மூடியது. ஷமீரா எழுந்து, கவுண்ட்டருக்கு மேலாகக் குனிந்து, பையை அவர் மடியிலிருந்து தானே எடுத்தாள். எடுத்த கை இறங்கியது. மறு கையையும் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

லேப்டாப்பை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். அடிப்பக்கம் கடல் பச்சை நிறத்தில், எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளவென்று இருந்தது. திருகாணி இல்லை. கம்பெனி ஒட்டிய சீட்டு இல்லை. காற்று போக ஒரு ஊசித் துளை இல்லை. விரல் முட்டியால் தட்டினாள். கல்லைத் தட்டியது போல் கேட்டது.

அமிர்தலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? அதச் சொல்ல வேணாம்னு இருந்தேன், நீயே பாத்துட்ட. போட்டுக்குப் போடுற அதே ரெசினுப் பசை, துணியாட்டம் இருக்குற அதே பைபர் மேட்டு. வித்தியாசம் பாக்கல. மொதல்ல மேட்டு, மேல ரெசினு, காஞ்சப்பறம் மறுபடி ஒரு மேட்டு, மறுபடி ரெசினு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, போட்டுக்கு அடிச்சதுல மிச்சமிருந்த பெயிண்ட ஒரு தடவ ஓட்டுனேன். அவங்க நடக்கக் கெளம்புன அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன், அவ வந்து பாத்து அசந்துரணும்னு. சல்லட மாதிரி ஓட்ட ஓட்டயா விட்டுருந்தானுங்கம்மா. எங்க ஊரு உப்புக் காத்துக்கு இரும்பே உதுந்துரும், ஓட்டய விட்டு வைக்கலாமா? பக்கவாட்டுலயும் இருந்துச்சு. ஒண்ணு விடாம அடச்சேன். நேத்து ஆன் பண்ணுனேன். கொஞ்ச நேரம் ராசாவாட்டம் ஓடுச்சு. பொறவு நின்னுச்சு. அதத்தான் நான் சொல்றது, கம்பெனி லட்சணம். உடம்ப நான் ஏத்திக் குடுத்தும் இஞ்சினு நிக்கிது."

ஷமீரா திருகாணி இருக்க வேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தாள். அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா, அங்கதான் இருக்கு. எல்லாம் உள்ளதான். பிரிக்கணுமா? பிரிக்க முடியாதும்மா. நான் ஒட்டுனது பிரிஞ்சதா சரித்திரம் இல்ல. போன பொயல்ல வெற்றிசெல்வன் போட்டு பாறையில மோதி ரெண்டாப் போச்சு. நான் ஒட்டுன எடத்துல ஒடையல, அதுக்குப் பக்கத்துல ஒடஞ்சுச்சு. ஒட்டுன துண்டு மட்டும் முழுசாக் கர வந்துச்சு, இப்ப அதுல மாட்டுக்குத் தண்ணி காட்டுறான். எந்தக் கொம்பன் வந்தாலும் இதத் தொறக்க…"

அவர் பார்வை அந்தப் பச்சை முதுகில் நின்றது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"அனுசுயா கேமு உள்ளதான இருக்கு" என்றார்.

ஷமீரா ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

அதற்குமேல் அவர் உட்காரவில்லை. படியிறங்கிக் கீழே இருந்த கிரில் பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் கட்டிங் மிஷினை நீட்ட, உள்ளே உயிர் இருக்கிறது என்று சொல்லி, ஒரு ஆக்சா பிளேடை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். மாடிப்படியில் பேப்பரை விரித்து, மூக்கில் துண்டைக் கட்டி, விளிம்போரமாக அறுக்க ஆரம்பித்தார். ஷமீரா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டாள். பிளேடு வழுக்கியது. பச்சைத் தூள் பறந்தது. மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது ஒரு பக்கம்தான் அறுந்திருந்தது. துண்டுக்கு உள்ளேயிருந்து குரல் மறுபடி கிளம்பியது.

"மூளை இருக்கா பாரு. ஒரு மேட்டு போட்டா பத்தாதா இதுக்கு? ரெண்டு போட்டிருக்கான். ரெசினயாவது அளவா ஊத்துனானா? கொடங் கொடமா ஊத்திருக்கான். இந்த மூலையப் பாரு, இங்க மூணாவதா ஒரு துண்டு வச்சிருக்கான். எதுக்கு வச்சான்? எவன் கேட்டான்? நல்லா புடிம்மா. இவனையெல்லாம் கடலுக்குள்ளயே விட்டுட்டு வந்துருக்கணும். வேலைய ஒழுங்காச் செய்யிறவனக் கட்டிக்கிட்டு அழுவுறதே பொழப்பாப் போச்சு."

கடைசி விளிம்பும் விட்டபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பச்சை ஓடு முழுசாக, ஒரு தாம்பாளம் போலக் கையோடு வந்தது. கம்பெனியின் பிளாஸ்டிக் அடிப்பாகமும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. ஷமீரா மேசைக்கு எடுத்துப் போனாள். போர்டு கருகியிருக்கிறதா, பிழைக்குமா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, முதலில் அனுசுயாவின் வேலை பூராவும் இருக்கிற எஸ்எஸ்டியைக் கழற்றினாள். வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினாள். அமிர்தலிங்கம் துண்டை அவிழ்க்காமலே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. ஒன்றைத் திறந்தாள். கடல் வந்தது, அதில் ஒரு போட்டு வந்தது.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஷமீரா எஸ்எஸ்டியைத் திரும்பக் கழற்றி அவரிடம் காட்டினாள். ஒரு விரல் நீளம், வெற்றிலைக் காம்பு கனம்.

"இவ்வளவுதானா?" என்றார். வாங்கி வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு மாசத்து வேலை, இதுக்குள்ளயா? இது என்னம்மா, பச்ச மண்ணாட்டம் இருக்கு. உடம்புன்னு ஒண்ணே இல்லையே. இத எப்புடி வெறுமன அவ கையில குடுக்குறது? பஸ்ஸுல கூட்டத்துல ஒடிஞ்சுரும்மா. ரொம்ப வேணாம், மேட்டெல்லாம் வேணாம், சும்மா மெலிசா ஒரே ஒரு கோட்டு ரெசினு…"

ஷமீரா அதை அவர் விரல்களிலிருந்து எடுத்தாள். எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"…அரை மணி நேரத்துல காஞ்சிரும்மா" என்றார் அமிர்தலிங்கம், கதவைப் பார்த்து.