களப்புக்குத் தைத்த சீலை

அப்பிடித் தூரத்துல நிண்டு பாத்தா விளங்கா மிஸ். கிட்ட வந்து சுருளுக்குள்ள கைய உட்டுத் தொட்டுப் பாருங்க. ஓம், தொடுங்க. ஆறு மாசமா களப்புத் தண்ணிக்குள்ள கிடந்த சீலை இது. உங்கட கையில பாசி ஒட்டுதா? இல்லத்தானே. அதத்தான் நானும் சொல்றன்.

இதத் தைச்சது நான்தான். தார்ப்பாய் மாதிரித் தடிப்பு, ரெண்டு நாளைக்கு ஒரு ஊசி முறிஞ்சிச்சு. மேல இந்த உறைக்குள்ள மஞ்சள் மிதவை போகும், கீழ இந்த உறைக்குள்ள சங்கிலி. சங்கிலிப் பாரத்துல சீலை தண்ணிக்கடியில நிலம் வரைக்கும் இறங்கி நிக்கும். பாலத்துக்குத் தோண்டக்குள்ள கலங்குற சேறு உள்ளுக்கயே அடங்கிரும், களப்புக்குப் போகா. எனக்கு இவ்வளவும் சொல்லித் தந்தது சைட்டுச் சுப்பவைசர் பஸால்தான்.

சும்மா தைக்கல்ல மிஸ் நான். என்ட கூடப் பொறந்த காக்கா ஸலாஹுதீன் அந்தக் களப்புலதான் றாலுக்கு வல வீசுற. பாலம் வருதெண்ட உடனே மீன்புடிக்கிறாக்கள் ஒருத்தரும் சம்மதிக்கல்ல, சேறு படிஞ்சா றால் குஞ்சு நிக்காதெண்டு. அப்பதான் பஸால் என்னயக் கேட்டாரு, காக்காக்கிட்ட நீ ஒரு சொல்லுச் சொல்லு, அவர் கையெழுத்து வெச்சா மத்தாக்களும் வெப்பாங்க எண்டு. வல்லாஹி, ஒரு புடி சேறு வெளிய போகாதெண்டு சத்தியம் பண்ணினாரு. நான் போய்ச் சொன்னன். காக்கா என்ட முகத்தப் பாத்தாரு. நீயா தைக்கிற எண்டு கேட்டாரு. ஓம் எண்டன். மறுகா ஒண்டும் கேக்கல்ல, வெச்சிட்டாரு.

மூணு மாசம் போகல்ல, வல தூக்கேலாத பாரமா வருதெண்டாரு. றாலில்ல மிஸ், சேறு. றால் குஞ்சு ஒதுங்குற சாதாளைப் புல்லெல்லாம் மூடுப்பட்டுப் போச்சு. உன்ட சீல ஒழுகுது போல எண்டு இஞ்ச வந்து மெதுவாத்தான் கேட்டாரு. எனக்கு ரோசம். என்ட தையல் ஒழுகா, உங்களுக்குத்தான் வல வீசத் தெரியல்ல எண்டு சொல்லிப் போட்டன். முப்பது வருசமா வீசுற மனிசனுக்கு! அதோட இஞ்ச வாறத நிப்பாட்டிட்டாரு. இப்ப ஒலுவிலுக்குப் போய் ஆர்ர மீன்புடி போட்டுலயோ கூலிக்கு ஏறுறாரு, இந்த வயசுல.

போன மாசம் ஒரு போட்டு முட்டி மிதவ உறை கிழிஞ்சிட்டெண்டு, பஸால் கொழும்புக்குப் போயிருந்த அண்டு, லேபர் ரெண்டு பேர் இந்தத் துண்டக் கொண்டு வந்து போட்டாங்க. தைக்கிறதுக்கு விரிக்கப் பாத்தன், விரிக்கேலா. லொறியில ஏத்த லேசா இரிக்கட்டுமெண்டு, கீழ்ப்பக்கத்த மேல சுருட்டி முழத்துக்கு ஒரு நாடா முடிச்சுப் போட்டு நான்தான் அனுப்பின. தண்ணியில போட்ட உடனே நாடாவ இழுத்தா அவிழ்ந்து சீல கீழ இறங்கும். அந்த முடிச்செல்லாம் அப்பிடியே கிடக்கு மிஸ். என்ட கை போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா? ஒண்டையும் அவிழ்க்கல்ல. ஒரு நாளும் இறக்கல்ல.

ஏனெண்டா, இறக்கினா நீரோட்டத்துக்கு இழுபடும், மண்ணேத்துற போட்டு வந்து போக ஒவ்வொருக்காத் திறந்து மூட வேணும். வேலை சுணங்கும். உங்கட சுற்றாடல் கந்தோராக்கள் பாக்க வந்தா கரையில நிண்டு மஞ்சள் மிதவயப் போட்டோ எடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க இல்ல மிஸ், உங்களுக்கு முந்தி வந்த சேர்.

கேட்டன், கேக்காம இரிப்பனா? பஸால் தலையக்கூடக் குனியல்ல. பாலம் வந்தா ஊருக்கு நல்லம்தானே, நாலு றாலுக்காக இப்பிடிக் கதைக்கிறாய் எண்டாரு. அப்ப என்னத்துக்கு என்னயத் தைக்கச் சொன்ன எண்டன். நீ தைச்சாத்தானே உன்ட காக்கா நம்புவாரு எண்டாரு. சிரிச்சிட்டுச் சொன்னாரு மிஸ்.

எழுதிட்டீங்களா? பேர் ஆதிலா. ஓம், பெட்டிசன் போட்டதும் நான்தான். அண்டைக்கு பேர் வெக்கல்ல, இப்ப வெக்கலாம்.

பஸாலயும் விசாரிக்கணுமா? அப்ப இரிங்க, ப்ளேன்டீயக் குடிங்க, அஸர் தொழுதிட்டு வந்துருவாரு. இஞ்சதான் வருவாரு, வேற எங்க? என்ட மாப்புள தானே. பதினொரு வருசமாச்சு எங்களுக்குக் கலியாணம் முடிச்சு.

இல்ல மிஸ், நீங்க ஏன் பயப்புடுறீங்க? நான் எங்கயும் போற தேவையில்ல. இது வாப்பா எனக்குத் தந்த சீதன ஊடு. அந்தா, வாசல்ல இரிக்கிற ரெண்டு பேக்கும் அவர்ர உடுப்பு. நீங்க கேட்டு முடிச்ச உடனே எடுத்துட்டுப் போகட்டும்.