ஓட்டைக் காசு

பேய் வர ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வேளை என்று ஒன்று இருக்கிறதே, அதை மறந்துவிட்டீர்களா? கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் ஃபிரெடியின் நண்பன் திருமூர்த்திக்கு நடந்தது. எங்கோ இல்லை, இங்கேதான், டெக்சாஸில்.

போன ஜூன். சனிக்கிழமை. மணி பன்னிரண்டு... ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே, தார் முடிந்து சரளை தொடங்கும் ஒற்றை ரோடு. முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரோடு முடிகிற இடத்தில் ஒரு பெரிய பீக்கன் மரம். பக்கத்தில், எப்போதோ இடித்துப்போட்ட பண்ணை வீட்டின் அஸ்திவாரம். நிலம் ஃபிரெடியின் ஆபீஸ் நண்பருடையது. தோண்டினால் குழியை மூடிவிடுங்கள் என்பதைத் தவிர அவர் ஒன்றும் கேட்கவில்லை.

திருமூர்த்திக்குப் பழைய நாணயம் என்றால் பைத்தியம். வாரம் முழுக்க மீட்டிங்கில் தலையாட்டுகிற மனுஷன், சனிக்கிழமை ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். துணைக்கு ஃபிரெடி. அதுவரை இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த புதையல் பீர் மூடிகளும் துருப்பிடித்த ஆணிகளும்தான்.

அன்றைக்கு மர நிழலில் மெஷின் கத்தியது. கீங்... கீங்... ஆணி என்றால் கரகரக்கும். வெள்ளிக்குத்தான் இப்படிச் சுத்தமாகப் பாடும்.

தோண்டினான். முதலில் ஒரு சின்னப் பட்டன். தகரப் பட்டன். அதற்குக் கீழே விரற்கடை தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று... ஐந்தும் ஒரே கோட்டில். கோட்டின் தலைமாட்டில் அந்தக் காசு. வெள்ளிக் காசு, நகத்தளவு, நூறு வருஷத்துக்கு மேல் பழசு. விளிம்போரம் யாரோ பொறுமையாகப் போட்ட ஓட்டை.

"பட்டனையெல்லாம் உள்ளயே போட்டுடு. காசு போதும்டா" என்றான் ஃபிரெடி. அப்படியே செய்தான். குழியை மூடி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தவன் பழக்க தோஷத்தில் மண்ணைப் பார்த்து, "அப்ப... வரேன்" என்றான்.

"யார்கிட்டடா சொல்ற?" ஃபிரெடி விழுந்து விழுந்து சிரித்தான். அதுவரை காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகள் சட்டென்று நின்றுபோனதை அவர்கள் கவனிக்கவில்லை. பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் அவன் மனைவி கயலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "வெள்ளி! ஓட்டை வேற ரெடியா இருக்கு பாருங்க. ஓவியாவுக்குக் கட்டிடறேன், திருஷ்டி படாது." விபூதி போட்டுத் தேய்த்தாள். கறுப்புக் கயிற்றில் கோத்தாள். ஐந்து வயது மகளின் கழுத்தில் கட்டிவிட்டாள். நம் ஆட்களுக்கு ஓட்டைக் காசைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? அந்தக் காலத்தில் அந்தப் பண்ணையில் ஒரு தாய்க்கும் அதுவேதான் தோன்றியிருக்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே ஒரு வாசனை... மழையே இல்லாத வாரத்தில் ஈர மண் வாசனை. வீடு முழுக்கத் தேடினார்கள். ஓவியாவின் தலைமுடியில் இருந்தது. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டினாலும் போகவில்லை. கராஜில் மாட்டியிருந்த மெஷின், பேட்டரியைக் கழற்றிய பிறகும், அவள் தாண்டிப் போகும்போதெல்லாம் மெல்ல... கீங்.

அடுத்த சனிக்கிழமை உச்சி வேளையில் குழந்தையைக் காணவில்லை. திருமூர்த்தி பின்பக்கம் ஓடினான். வேலியோரம், புல் முளைக்காத களிமண்ணில், சுட்டெரிக்கும் வெயிலில் மல்லாந்து படுத்திருந்தாள். கைகள் இரண்டும் மார்பின் மேல் மடங்கியிருந்தன. கண் திறந்தே இருந்தது. தூக்கினால் உடம்பு ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"என்னடா கண்ணா பண்றே?"

"ப்ளேயிங், அப்பா." ஓவியாவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். "ஷீ இஸ் டீச்சிங் மீ."

அப்போதுதான் அவள் சட்டையைப் பார்த்தான். கழுத்திலிருந்து வயிறு வரை பட்டன்கள். ஒரே கோடு. மரத்தடிக் குழியில் அந்த ஐந்து பட்டன்களும் இப்படித்தான் கிடந்தன. துணி மக்கிப்போகும், உடம்பும் மக்கிப்போகும். தகரப் பட்டன் அப்படியே கிடக்கும்.

டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். குழந்தையின் கை மட்டும் சூடு ஏறவே இல்லை. பெற்ற பெண்ணைக் கொண்டுபோய்விடுமோ என்று திருமூர்த்தி நடுங்கினான். மறைத்து வைத்திருந்த பட்டன் விஷயம், மண்ணிடம் வரேன் என்று சொன்னது, எல்லாவற்றையும் கயலிடம் கொட்டினான். கயல் அழக்கூட இல்லை. "எழவு வீட்லயே சொல்லிக்காமதானே கிளம்புவோம்? புதைச்ச இடத்துல நின்னுக்கிட்டு யாராவது வரேன்னு சொல்லுவாங்களா?" என்று கத்தினாள். கயிற்றை அறுத்தாள்.

ஃபிரெடிக்குப் போன் போட்டால், "நான் வீட்லேர்ந்தே ஜெபம் பண்றேன்டா" என்றான். ஆபத்துக்கு உதவுகிற சிநேகிதன்!

மறுநாள் அதே உச்சி வேளையில் மூன்று பேருமாகப் போனார்கள். குழந்தையை வேறு யாரிடமும் விட்டுவர கயலுக்கு மனசு வரவில்லை. காரிலேயே பாடம் நடத்தினாள்.

"ஓவியா, அங்க பை சொல்லக் கூடாது. வரேன்னும் சொல்லக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"ஓகே, அம்மா."

மரத்தடியில் பழைய குழியைத் தோண்டி, பட்டன்களின் தலைமாட்டில் காசை வைத்தான். மண்ணைத் தள்ளி மூடினான். இருவரும் மறந்தும் வரேன் சொல்லவில்லை. கயல் முன்னால் நடந்தாள், அவன் மண்வெட்டியோடு பின்னால், ஓவியா கடைசியில். திரும்பிப் பார்க்கக் கூடாதே, அதனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

காருக்கு வந்ததும் ஓவியாவைக் கார் சீட்டில் உட்காரவைத்து, கையைத் தொட்டுப் பார்த்தான். சூடு. வெதுவெதுவென்று குழந்தைச் சூடு. தலையை மோந்தான், ஷாம்பூ வாசனை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஸ்டியரிங்கில் சாய்ந்து அழுதேவிட்டான். கயல் முன் சீட்டிலிருந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

சரளையில் வண்டி உருண்டது... டிங். டிங். டிங்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. பின் சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை. இருவரும் திரும்பினார்கள். ஓவியா ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தாள். விளக்கு காட்டியது அவளுக்குப் பக்கத்துச் சீட்டை. அங்கே யாரும் இல்லை.

"ஓவியா..." கயல் கையை நீட்டி அவள் முழங்காலைப் பற்றினாள். "நீ அங்க ஏதாவது சொன்னியா?"

"நோ, அம்மா. ஐ டிட்ன்ட் சே பை." அப்புறம், யாரும் கேட்காமலே, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, தமிழில் சொன்னாள்: "வான்னு மட்டும்தான் சொன்னேன்."

கையை நீட்டிப் பக்கத்துச் சீட்டு பெல்ட்டை இழுத்து மாட்டினாள். க்ளிக்.

டிங் சத்தம் நின்றது. காருக்குள் ஈர மண் வாசனை... அந்த பெல்ட் சீட்டில் ஒட்டவில்லை. ஒரு சின்னக் குழந்தையின் பருமனுக்கு, முன்னால் தள்ளி நின்றது.