இடது முழங்கையில் ஸ்பாஞ்சு, வலது முழங்கையில் தகடு

ஜோ. எட்மண்ட், வயது 17, த/பெ ஜோசப்ராஜ், எண் 14, மாதா கோயில் தெரு, மண்ணூர்பேட்டை, சென்னை 50.

நான் மேற்கண்ட விலாசத்தில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். இன்று 22.5.93 காலை பத்து மணிக்கு என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்து விசாரித்தார்கள். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் ஐயா இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் இடது கை வலது கை ஆகி, உடையாத கை உடைந்துவிட்டது. மூன்றாவது தடவை நான் திருத்தியபோது அவர் பேனாவை என் பக்கம் தள்ளி, "நீயே எழுதுடா, எனக்குக் கை வலிக்குது" என்றார். "எந்தக் கை ஐயா?" என்று கேட்டேன். அதற்கு முதுகில் ஒரு அடி கிடைத்தது. ஆகவே இது நானே என் கைப்பட எழுதுவது.

என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் அப்பாவின் அக்கா சகாயம்மாள். அவருடைய மகன் ஜேசுராஜ், வயது 21, எனக்கு மச்சான். ஜேசுராஜ் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடும் தோல் ஜாக்கெட்டின் முழங்கைத் தகட்டை நான் விளையாட்டுக்காகத் திருடிவிட்டு, அந்த இடத்தில் பால் கவரை வைத்துத் தைத்ததால்தான் அவன் கை உடைந்தது என்று அத்தை சொல்லியிருக்கிறார். தகட்டை எடுத்தது நான்தான். பால் கவரை வைத்ததும் நான்தான். அதனால் கை உடைந்தது என்பது மட்டும் தவறு. இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு முன் நான் செய்தவற்றை மறைக்கவில்லை. பொங்கலுக்கு முந்தைய வாரம் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் 'இங்கு பஸ் நிற்காது' என்று பலகை மாட்டியதும் நான்தான். அன்று அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தவர்களில் எழுத்தர் ஐயாவும் ஒருவர் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜேசுராஜ் எஸ்டேட்டில் பெயின்ட் அடிக்கும் வேலை செய்கிறான். வரும் 30ஆம் தேதி இருங்காட்டுக்கோட்டையில் புதியவர்களுக்கு நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருந்தான். அதற்காகப் பழைய துணி விற்பவரிடம் ஒரு கறுப்புத் தோல் ஜாக்கெட் வாங்கினான். அதன் இரண்டு கைகளிலும் முழங்கை வரும் இடத்தில் உள்பக்கமாகப் பை போலத் தைத்திருந்தது. பைக்குள் ஒன்றும் இல்லை. அதில் எதை வைப்பது என்பதுதான் ஏப்ரல் மாதம் முழுவதும் எங்கள் இரண்டு வீட்டுப் பேச்சு.

அதன் பிறகு ஜேசுராஜின் கூட்டாளி பால்ராஜ், தான் வேலை செய்யும் ஃபைபர் பட்டறையில் வளைவாக இரண்டு தகடு செய்து கொண்டுவந்தான். ஜேசுராஜ் அதைப் பைகளில் சொருகி, ஸ்பானரால் தட்டிக் காட்டினான்.

"கல்லு மாதிரி கீது மாமே. லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆவாது."

"தகடு ஒடையாது மச்சான். உள்ள கீற எலும்புதான் ஒடையும்" என்றேன்.

"நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே? மூடிகினு போ."

நான் மூடிக்கொள்ளவில்லை. ஒரு முட்டையைத் தகட்டின் குழியில் துணியால் கட்டி எங்கள் மொட்டை மாடியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டேன். தகட்டில் கீறல்கூட இல்லை, முட்டை துணி முழுவதும் பரவியிருந்தது. அதன் பிறகு மெத்தைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மெத்தனமாக ஒரு துண்டு சோபா ஸ்பாஞ்சு கொடுத்தார், அது விரலால் அமுக்கினாலே தரையைத் தொட்டது, முட்டை பிழைக்கவில்லை. அதன் பிறகு அப்பாவின் ரப்பர் செருப்பை வெட்டி இரண்டு அடுக்காக வைத்தேன். முட்டை பிழைத்தது. ஆனால் அதைக் கையில் கட்டியபோது முழங்கை மடங்கவில்லை, நாள் முழுவதும் யாருக்கோ வழி காட்டுவது போல நின்றேன். அதோடு அப்பாவிடம் செருப்பு இல்லாத காலால் உதை வாங்கினேன். மடங்கவும் வேண்டும், அடியை உள்ளே விடாமல் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த பொருள் எந்தக் கடையிலும் இல்லை. கேட்ட இடத்தில் எல்லாம் கிரிக்கெட் பேடைத் தூக்கிக் காட்டினார்கள்.

5.5.93 அன்று குமணன்சாவடியில் காயலான் கடை வைத்திருக்கும் தஸ்தகீர் பாயிடம் போனேன். வெளிநாட்டுக் கருவி ஏதோ வந்த மரப்பெட்டிக்குள் வெள்ளையாக ஒரு ஸ்பாஞ்சு இருந்தது. ஒன்றரை விரல் கனம், ஒரு முழ நீளம். அமுக்கினால் குழி விழுந்து, அவசரமே இல்லாமல் மெதுவாக மேலே வந்தது.

"இது எதுக்கு தம்பி?" என்று பாய் கேட்டார்.

"முழங்கைக்கு பாய்."

"முழங்கைக்கு மெத்தையா? நாளைக்கு முட்டிக்குத் தலகாணி கேப்பியா? எடுத்துகினு போ."

அன்று மாலை ஐந்து முறை அதில் முட்டையைச் சுற்றி மாடியிலிருந்து போட்டேன். ஐந்து முறையும் அதே முட்டைதான், கடைசியில் அம்மா அதை ஆம்லெட் போட்டார். கையில் கட்டிப் பார்த்ததில் முழங்கை நன்றாக மடங்கியது. அளந்து பார்த்தேன், இரண்டு கைக்கும் சரியாக இருந்தது.

8.5.93 சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாப் அருகில் உள்ள வடிவு அக்கா டிபன் கடையில், அக்கா அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தபோது, நான் ஒரு தட்டில் ஸ்பாஞ்சிலிருந்து வட்டமாக வெட்டிய நான்கு இட்லிகளை வைத்து சாம்பார் ஊற்றி ஜேசுராஜிடம் கொடுத்தேன். அமுக்கினால் குழி விழுந்து எழும்புவதைப் பார்த்தபோதே இந்த எண்ணம் வந்திருந்தது. ஜேசுராஜ் ஒன்றை முழுவதுமாக வாயில் போட்டு வெகு நேரம் மென்றான்.

"அக்கா, இன்னிக்கு இட்லி இன்னா மெத்துன்னு கீது! சட்னி கொஞ்சம் ஊத்து."

கடை முழுவதும் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான். முழங்கையை முழுங்கப் பார்த்தான் என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜேசுராஜும் சிரித்தான், அதன் பிறகு மற்ற மூன்றையும் பிய்த்து என் மீது எறிந்தான்.

மறுநாள் நான் ஒரு முட்டையையும் மீதி ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போய், தகட்டை எடுத்துவிட்டு இதை வைத்துக்கொள் என்று ஜேசுராஜிடம் சொன்னேன். முட்டையை வைத்து மாடியிலிருந்து போட்டுக் காட்டுகிறேன் என்றும் சொன்னேன்.

"டேய், இட்லியைக் கையில கட்டிகினு ரேஸ் ஓட்ட சொல்றியா? போட்டோ புடிக்க யாரை நிக்க வெச்சிகீறே?"

"சத்தியமா மச்சான், இது வெளையாட்டு இல்ல."

"நீ சத்தியம் பண்ணாதான் நைனா பயமா கீது."

அத்தையும், "எட்மண்டு, வேற யாருகிட்டயாவது போய் வெளையாடு. அவன் உயிரோட வெளையாடாதே" என்றார். முட்டையை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார்.

16.5.93 ஞாயிற்றுக்கிழமை காலை ஜேசுராஜும் அத்தையும் பூசைக்குப் போயிருந்தார்கள். ஜேசுராஜ் பாடகர் குழுவில் இருப்பதால் சீக்கிரம் வரமாட்டான். சாவி எப்போதும் எங்கள் வீட்டில்தான் இருக்கும். நான் திறந்து உள்ளே போய், ஜாக்கெட்டின் இடது கைத் தகட்டை உருவி, வியர்வை இறங்காமல் இருக்க ஸ்பாஞ்சைக் கழுவிய பால் கவருக்குள் வைத்து, பைக்குள் சொருகி, தோல் தைக்கும் ஊசியால் தைத்தேன். ஒரு கைக்குத்தான் இருந்தது. வலது கையில் தகடு அப்படியே இருந்தது. அன்று மாலையே குமணன்சாவடிக்குப் போய் தஸ்தகீர் பாயிடம் இன்னொரு துண்டு கேட்டேன். "ஒரே ஒரு பொட்டிதான் தம்பி வந்துச்சு. அப்பவே ரெண்டு வேணும்னு சொல்லியிருந்தா நானும் இல்லேன்னு அப்பவே சொல்லியிருப்பேனே" என்றார். அடுத்த மூன்று நாட்களும் மண்ணூர்பேட்டை முதல் பூந்தமல்லி வரை எல்லாப் பழைய பொருள் கடைகளிலும் அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் உடனே எழும்பின.

20.5.93 வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு நெமிலிச்சேரி தாண்டி ஆள் இல்லாத ரோட்டில் ஜேசுராஜ் ஓட்டிப் பழகினான். நான் கைக்கடிகாரம் பார்த்து நேரம் சொல்ல நின்றிருந்தேன். மூன்றாவது சுற்றில் வளைவில் லாரி சிந்தியிருந்த மணலில் சக்கரம் சறுக்கி, ஜேசுராஜ் வண்டியை விட்டு முன்னால் விழுந்தான். இரண்டு முழங்கையும் ஒரே நேரத்தில் ரோட்டில் அடித்ததை நான் பார்த்தேன். நான் ஓடிப் போனபோது அவன் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அதன் பிறகு ஒரு பால் வண்டிக்காரர் உதவியால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஜாக்கெட்டை வெட்டி எடுத்தபோது வலது கையிலிருந்து தகடு முழுதாக விழுந்தது. எலும்பு மூன்று துண்டு என்றார் டாக்டர். இடது கையிலிருந்து பால் கவர் விழுந்தது. அந்த முழங்கையில் சிராய்ப்புகூட இல்லை. அத்தை பால் கவரை மட்டும் பார்த்தார். டாக்டர் சீட்டில் 'வலது' என்றுதான் எழுதியிருக்கிறது, அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கும்படி இன்று நான்கு முறை கேட்டுவிட்டேன்.

இதுவரை உள்ளதை எழுத்தர் ஐயாவிடமும் சொன்னேன். ஒன்றை மட்டும் இரண்டு தடவையும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நேற்று மாலை அத்தை வெளியே போயிருந்தபோது ஜேசுராஜைப் பார்த்தேன். மாவுக்கட்டு தோள் வரை இருந்தது. கை இனிமேல் முழுதாக நீளாது என்றும், மோட்டார் சைக்கிளில் முறுக்குவது வலது கையால் என்பதால் பந்தயத்தை மறந்துவிட வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டாராம். அவன் இடது கையால் தலையணைக்கு அடியிலிருந்து அந்த ஸ்பாஞ்சை எடுத்துக் கட்டிலில் வைத்து அமுக்கினான். அது எழும்பும் வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது நான் துன்ன இட்லிதானே?"

"ஆமா மச்சான்."

"நெஜமாதான் சொல்லிகீறே அன்னிக்கு."

"ஆமா."

"அப்போ வலது கைக்கு ஏண்டா வெக்கல?"

அத்தை வந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் அத்தை வருவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

வலது கைக்கு உரிய பாதியிலிருந்துதான் அந்த நான்கு இட்லிகளை வெட்டினேன். பாயிடம் இன்னொன்று இருக்கும் என்று நினைத்தேன், வெட்டுவதற்கு முன் கேட்கவில்லை. இடது கைக்கு வைத்தது குற்றம் என்றால் அதற்கான தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் புகாரில் இருக்க வேண்டியது வடிவு அக்கா கடையில் 8ஆம் தேதி காலை நடந்தது. அந்த இட்லிகள் வலது கைக்கு உரியவை என்று அத்தைக்குத் தெரியாது.

மேலே எழுதியதை நானே இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இடமும் வலமும் சரியாக இருக்கின்றன. இதில் உள்ளது எல்லாம் நடந்தது, விளையாட்டு எதுவும் இல்லை. இதை ஜேசுராஜுக்கும் ஒருமுறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

ஜோ. எட்மண்ட்
22.5.93