நீர்வண்டுக் குளத்தின் காவலர்

மார்ச்சு ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. வானம் தெளிந்திருந்தது, காற்று இல்லை. துணி உலர்த்துவதற்கு ஏற்ற நாள் என்று என் மனைவி மகிழ்ந்தாள்.

ஐயா, நான் குளக்காவலர். ஓர் அறையளவே உள்ள அக்குளத்தில் மட்டுமே வாழும் நீர்வண்டினத்தைக் காப்பதற்காகவே என் பணியிடம் உருவாக்கப்பட்டது. கட்டைவிரல் நுனியளவே இருப்பினும், அது தலைப்பிரட்டையையும் சிறுமீனையும் பிடித்துத் தின்னும். "பூச்சிக்குக் காவலா மச்சான்? அடுத்து கொசுவுக்கும் ஆள் போடுவாங்க போல," என்பான் என் மைத்துனன். சீருடை அணிந்தவனுக்குப் பொறுமையே அழகு என்று இருந்துவிட்டேன்.

அன்று வண்டுகளை எண்ண வந்த அதிகாரி என் கையைப் பற்றிக் குலுக்கினார்.

"நூத்திப்பத்து இருக்குங்க. எல்லாம் உங்க காவல்தான். நூறைத் தாண்டிட்டா, அழியுற இனம் இல்லைன்னு எழுதிடலாம்."

"அப்போ என் வேலைங்க ஐயா?"

"அதான் வேலையை முடிச்சுட்டீங்களே. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை எண்ணிட்டு, காவலை எடுத்துடலாம்."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று நான் குறைகூறவில்லை. அவை அறியாமல் பெருகிவிட்டன.

நீர்வண்டு நீரில் வாழ்ந்தாலும் காற்றை நம்பியது. அவ்வப்போது மேலே வந்து, இறக்கைக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு மூழ்கும். ஆதலின், எண்ணிக்கை நூறுக்குக் கீழே இறங்கட்டும் என்று, அன்று மாலையே நீர்மட்டத்திற்கு இரு விரல் கீழே வலை ஒன்றை இழுத்துக் கட்டினேன்.

"ஏங்க, நம்ம கொசுவலை எங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் வேலையா எடுத்துட்டுப் போயிருக்கேன்," என்றேன். அது பொய்யன்று.

இனம் அழியக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வலை கட்டுமுன், பன்னிரண்டு வண்டுகளைக் கைபடாமல் சல்லடையால் அள்ளி, வாளியில் பத்திரப்படுத்தினேன். ஆனால் இரைக்காகக் குளத்து உயிர் எதையும் காவலர் பிடித்தல் கூடாது என்பது பணிவிதி. விதியை மீறித் தலைப்பிரட்டை பிடித்துப் போட என் மனம் ஒப்பவில்லை. பசித்த வண்டுகள் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின.

வியாழனன்று குளத்தில் ஒன்றும் இல்லை. வாளியில் ஒன்று மிஞ்சியது. அதன் பின்கால்களையும் மற்றவை தின்றுவிட்டமையால் மேலே வந்து காற்றெடுக்க இயலவில்லை. தூக்கிவிட்டிருக்கலாம், ஆனால் சல்லடையை மனைவி மாவு சலிக்க வாங்கிக்கொண்டாள்; கையால் தொடுதலோ விதிமீறல்.

அது அசைவற்றபோது மாலை நான்கு மணி பதினேழு நிமிடம். பணிநேரம் ஐந்து வரை என்பதால், எஞ்சிய நாற்பத்து மூன்று நிமிடமும் நான் குளத்தைக் காத்து நின்றேன்.