ஹைவேல மட்டும் சூடாகுது

இல்ல தம்பி, வண்டி நிக்கும்போது சூடாகாது. நீங்க எவ்வளவு நேரம் எஞ்சின ஓடவிட்டுப் பாத்தாலும் சூடு காட்டற முள்ளு நடுவுல சமத்தா நிக்கும். ஊருக்குள்ள கடைக்கு, தபாலாபீசுக்கு, சர்ச்சுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் போகுது. ஹைவேல ஏறி அறுபத்தஞ்சு மைல் வேகத்தத் தொட்டா போதும், முள்ளு கிடுகிடுன்னு செவப்புக்குப் போயிடுது.

ஆமா, தண்ணி பாத்தாச்சு, ஒரு சொட்டு கொறையல. தெர்மோஸ்டாட் புதுசு. என் கொழுந்தன் டுவேன் மாத்திக் குடுத்தான். அவனுக்கு எது ரிப்பேரானாலும் தெர்மோஸ்டாட்தான், வீட்டுல ஃப்ரிட்ஜ் நின்னாலும் அதத்தான் சொல்லுவான். அப்புறம் ரேடியேட்டர் மூடிய மாத்தினான், மேல் ஹோஸ மாத்தினான். ஒண்ணும் வேலைக்காகல. உங்க ஷெட்டு வரைக்கும் எப்படி வந்தேன்னா கேக்கறீங்க? ஹீட்டர முழுசாத் திருப்பி வெச்சுக்கிட்டு, ரெண்டு கண்ணாடியையும் எறக்கி விட்டுட்டு வந்தேன். ஜூலை வெயில்ல! சட்டையப் புழிஞ்சா ஒரு வாளி தேறும். அப்படிப் பண்ணா எஞ்சின் சூடு கொஞ்சம் வண்டிக்குள்ள எறங்கிடும்ல, ஆர்விட் சொல்லிக் குடுத்தது. என் வீட்டுக்காரரு. ஜனவரியில தவறிட்டாரு.

ஐயோ, பரவால்ல, நீங்க என்ன பண்ணுவீங்க. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. துக்கத்துக்கு வந்தவங்க குடுத்த பன்னிக்கறி சாண்ட்விச்ச ஃப்ரீசர்ல வெச்சு மார்ச் வரைக்கும் தின்னேன். அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கேட்டா, தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தோம்கறாங்க. சர்ச்சுல எங்க பெஞ்சுல நான் ஒருத்தி மட்டும். அது அவரு எடமாம், பக்கத்துல வந்து உக்கார மாட்டாங்களாம், மரியாதையாம்! எனக்கு வர்ற கோவத்துக்குப் பாட்டுப் புஸ்தகத்தத் தூக்கி எறியலாம் போல இருக்கும். சில நாள் காலையிலேந்து படுக்கற வரைக்கும் வாயே தொறந்திருக்க மாட்டேன் தம்பி. அதான் உங்களப் பாத்ததும் இப்படிக் கொட்டறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

அவசரமாவா? ஆமா, இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஃபார்கோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரணும். என் பொண்ணு ஜோலீனுக்குக் காலையில வயித்தக் கிழிச்சுப் புள்ளய எடுக்கறாங்க. தலைப்பிரசவம். புள்ளைக்கு அப்பன் போன எடம் தெரியல, கூட யாருமில்ல. உள்ள கூட்டிட்டுப் போகும்போது கையப் பிடிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கேன். இன்னும் இருநூறு மைல் இருக்கு, ஹைவேல போகாம முடியாது.

என்ன, டார்ச்ச முன்னாடி அடிச்சுப் பாத்துட்டீங்களா? ம். கிரில்லுக்குப் பின்னால. ஆமா, பெட்டி அட்டைதான். ரேடியேட்டர அடைச்சுக்கிட்டு நிக்குது, காத்து போக வழியில்ல. தெரியும். சிரிங்க, பரவால்ல. குளிர் வந்தா எஞ்சின் சூடு பிடிக்கணும்னு நாம எல்லாரும் சொருகறோம், ஈஸ்டர் வந்தா எடுத்துடறோம். அதனாலதான் டுவேன்கூட அந்தப் பக்கம் பாக்கல. ஜூலைல அங்க அட்டை இருக்கும்னு எவன் நெனைப்பான்?

இல்ல, மறக்கல. ஏப்ரல்லயே எடுக்கப் போனேன். கைய உள்ள விட்டேன். போன அக்டோபர்ல அந்த அட்டைய அளவெடுத்து என் காய்கறிக் கத்தியாலயே வெட்டினாரு மனுசன், கத்தி மொண்ணையாப் போச்சுன்னு நான் அவரப் பிடிச்சுத் திட்டினேன். எனக்குக் கையே வரல தம்பி. பானெட்ட மூடிட்டு வீட்டுக்குள்ள வந்துட்டேன். அப்புறம் நாளைக்கு, நாளைக்குன்னு இவ்வளவு தூரம் வந்தாச்சு. டுவேன் மாத்தினதெல்லாம் வெட்டி வேலைன்னு தெரிஞ்சும் பாத்துக்கிட்டு நின்னேன்.

அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்தான். எடுக்கறதுக்குள்ள அவன் அழுதுடுவான், நான் அவனத் தேத்தணும். எங்க ஊர்ல யாரு எடுத்தாலும் ஆர்விட்டப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லாம எடுக்க மாட்டாங்க. நீங்க அவரப் பாத்ததே இல்ல. உங்களுக்கு அது வெறும் அட்டை. சட்டுனு உருவிடுங்க தம்பி, நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்.